தொட்டிக்கு அடியில் ஒரு தொட்டி

கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்தபோது அவர் கையில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. தோளிலிருந்து கை நுனிவரை வெள்ளையாக ஒரு தடம், யாரோ சாக்பீஸால் இழுத்துவிட்டதுபோல. கழுத்தில் டேப் தொங்க, வாசலில் நின்றபடியே கோட்டை உயர்த்திக் காட்டினார்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

மருமகள் குனிந்து பார்த்தாள். "உப்பு."

"உப்புன்னு உங்களுக்குத் தெரியுது. கோட்டுக்காரருக்கு நான் என்ன சொல்றது? நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் அவரு வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போறாரு."

"எப்ப இருந்து சொட்டுது?"

"ரெண்டு வாரமாச்சு. மொதல்ல ஒரு கிண்ணம் வச்சேன். அப்புறம் வாளி வச்சேன். இப்ப மெஷினையே நகத்தி வச்சிருக்கேன். அடுத்து நான்தான் நகரணும்."

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்தார். கோட்டையும் தையல்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ஒருத்தன் உப்பைக் கொட்டிட்டுப் போயிட்டான் தம்பி. தண்ணி குடிக்கிறது நாங்க ரெண்டு பேரும்னு நெனச்சோம், இப்ப நீங்களுமா?" என்றார்.

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாகப் பேச வந்தவருக்கு அதன்பிறகு கோபம் கூடிவரவில்லை. கோட்டை மருமகளிடம் கொடுத்து, கறையை எடுத்துத் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தண்ணீர் ஒழுகுவது மருமகளுக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலையில் மீன்தொட்டிக்குப் பின்னால் தரை ஈரமாக இருக்கும். துணியைப் போட்டுத் துடைப்பாள், பிழிவாள், வேலைக்குக் கிளம்புவாள். துடைத்ததுபோக மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த ஏழு மாதமாக எதையுமே அவள் துடைக்கிற அளவுக்குத்தான் யோசித்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அவள் கணவன் இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போனான். வேறொருத்தியோடு வாழப் போவதாக முந்தின நாளே சொல்லிவிட்டான். சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் குழாயை மூடிவிட்டு, "சரி" என்றாள். போகும்போது அவன், "மிச்சத்தை அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்றான். மிச்சம் என்றால் நாலடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி, உடற்பயிற்சிக்குத் தூக்குகிற, கைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குண்டு, பெற்ற தாய்.

இரும்புக் குண்டுகளை மாமியார் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டார். அவரை வா என்று மகன் கூப்பிடவில்லை. போ என்று மருமகளும் சொல்லவில்லை. "பெத்தவளையும் விட்டுட்டான், கட்டினவளையும் விட்டுட்டான், வளத்த மீனையும் விட்டுட்டான். இதுல மீனு மட்டும்தான் இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அழுவார். ஓங்கி, மூக்கைச் சிந்தி, இருவருக்கும் சேர்த்து அழுவார்.

மருமகளுக்கு அழுகை வரவில்லை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். வட்டமான லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை மழுக்கிப் பொருத்துவது அவள் வேலை. விஷயம் தெரிந்ததும் கூட வேலை செய்கிறவர்கள் அவள் மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டியை வைத்தார்கள். ஒரு மாதம் பிரிக்காமலே கிடந்தது. பிறகு யாரோ பிரித்து லென்ஸ் துடைக்க எடுத்துக்கொண்டார்கள்.

"எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கியேம்மா. ஒரு தடவை அழுதுடேன். எனக்காகவாவது அழேன்" என்று மாமியார் கெஞ்சியிருக்கிறார்.

"வந்தா அழ மாட்டேனா அத்தை?" என்பாள் அவள். அது உண்மைதான்.

கோட்டின் கறையை வெந்நீரில் ஒற்றி ஒற்றி எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலை முடிந்ததும் மீன்கடைக்குப் போனாள். தொட்டியின் பின்விளிம்பில் மாட்டியிருந்த வடிகட்டிப் பெட்டி விரிசல் விட்டிருந்ததைப் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தாள். மீன்கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். அந்தக் குறுகலான கடைக்குள் அவர் திரும்பினால் வாடிக்கையாளரும் திரும்ப வேண்டும். படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதோட ஆயுசு முடிஞ்சிருச்சும்மா. ஒட்ட வச்சாலும் நிக்காது."

"அப்ப மீன் எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கறீங்களா?"

"என்னென்ன இருக்கு?"

"ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒண்ணு. அப்புறம் ஒரு மஞ்சள்."

"ஜோடியை எடுத்துக்கறேன். மஞ்சளை வச்சு நான் என்ன பண்றது? அது வயசானது. தனியாவே இருந்து பழகிருச்சு. புதுசா எதைக் கூட விட்டாலும் கடிச்சே கொல்லும். எவனும் வாங்க மாட்டான்." கையை விரித்தார். அந்த விரித்த கையில் அந்த மீனுக்கு இனி என்ன ஆகும் என்பதும் இருந்தது.

மாமியார் அந்த மஞ்சள் மீனுக்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்திருந்தார். காலையில் விளக்குப் போட்டதும் தொட்டியை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை சுற்றிவந்து, எல்லாரும் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுபோல முறைக்கும். மருமகளுக்கு அதன்மேல் பாசம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கடைக்காரரின் விரித்த கையைப் பார்த்ததும், "வேற வழி என்ன?" என்று அவள் வாய் கேட்டுவிட்டது.

அவர் மீன்தீனி வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, பின்புறத்தில் வரைந்தார். "தொட்டிக்கு அடியில இன்னொரு தொட்டி. சம்ப். மேல இருந்து தண்ணி குழாய்ல தானா எறங்கும். கீழ மூணு அறை. மொத அறையில அழுக்கு தங்கும். நடு அறையில கல்லும் பாசியும், அது தண்ணில இருக்கிற விஷத்தைத் தின்னும். கடைசி அறையில மோட்டர். அது சுத்தமான தண்ணியை மறுபடி மேல தள்ளும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"சொல்றதுக்கு அவ்வளவுதான்."

அட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். மாமியார் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சம்புன்னா மண்ணுக்குள்ள தோண்டுறதுல்ல? மாடி வீட்டுல எங்கம்மா தோண்டுவ? தையல்காரன் தலையிலயா?"

அவள் விளக்கினாள். விளக்கும்போதே கை அளவெடுக்க ஆரம்பித்திருந்தது. தொட்டி நின்றிருந்த மரப்பெட்டிக்குள் நீளம், அகலம், உயரம். மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டாள். எட்டுக் கண்ணாடித் துண்டுகள்: அடிக்கு ஒன்று, சுவருக்கு நாலு, அறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் மூன்று. தடுப்பில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்க வேண்டும், தண்ணீர் அதன் அடியில் புகுந்து போக. மற்ற இரண்டும் குட்டையாக இருக்க வேண்டும், தண்ணீர் மேலே ஏறி விழ. அப்படி ஏறி இறங்கினால்தான் குமிழியெல்லாம் அடங்கும். எல்லாம் எழுதி முடித்தபோது மாமியார் கேட்டார்.

"எல்லாம் சரி. இது இந்தக் கதவு வழியா உள்ள போகுமா?"

மரப்பெட்டியின் கதவை அவள் அளக்கவே இல்லை. அளந்தாள். போகாது. அகலத்தில் இரண்டு விரல் குறைத்து மறுபடி எழுதினாள்.

"படிச்ச புள்ளைங்களுக்கு வாசல் மட்டும் தெரியாது" என்றார் மாமியார். சந்தோஷமாக இருந்தார். பல மாதம் கழித்து அந்த வீட்டில் அவர் சொன்ன ஒன்று உபயோகப்பட்டிருந்தது.

ஆறு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி வெட்டி வந்தது. வெட்டின விளிம்பு கத்திபோல இருந்ததால், ஒவ்வொரு துண்டாகக் குளியலறைக்கு எடுத்துப் போய், தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். லென்ஸை இயந்திரம் தேய்க்கும், இதற்குக் கைதான். மூன்று மாலை அதற்கே போயிற்று. தேய்க்கத் தேய்க்க விரல் நுனியில் தோல் போய், எதைத் தொட்டாலும் தெரியாத அளவுக்கு வழவழவென்று ஆகிவிட்டது.

ஒட்டுவதற்குச் சிலிக்கான் பசை. குளியலறைக்குப் போடுகிற பசையை வாங்கிவிடாதே, பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கும், மீன் செத்துப்போகும் என்று மீன்கடைக்காரர் மூன்று முறை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் செய்தித்தாள் விரித்து, மாமியார் ஒரு கண்ணாடியைப் பிடிக்க, அவள் விளிம்பில் பசையை இழுத்தாள். வினிகர் வாடை வீடு முழுக்க ஏறிற்று.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"பத்து நிமிஷம் அத்தை."

"அசையக் கூடாதா?"

"கூடாது."

"மூக்கு அரிக்குது."

அவள் பசைக் கையோடு எழுந்து, முழங்கையால் மாமியாரின் மூக்கைத் தேய்த்துவிட்டாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தார். "முப்பது வருஷம் ஒருத்தனை வளத்தேன். மூக்கு அரிக்கும்போது முழங்கையைக் காட்ட ஆளில்ல" என்றார். பிறகு இருவரும் அசையாமல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பத்து நிமிடங்கள் பிடித்திருந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அவை கனக்கவில்லை.

ஒரு வாரம் காயவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பிப் பார்த்தார்கள். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு மூலை மட்டும் நனைந்தது. அந்த மூலையின் பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்து, மறுபடி ஒட்டி, மறுபடி ஒரு வாரம். இரண்டாம் முறை தாள் காய்ந்தே இருந்தது.

பெரிய தொட்டியில் ஓட்டை போடுவதுதான் கஷ்டமான வேலை. தண்ணீர் கீழே இறங்கும் குழாய்க்கு, பின்பக்கக் கண்ணாடியின் மேற்பகுதியில் ஒரு துளை வேண்டும். அந்தக் கண்ணாடி கார்க் கண்ணாடிபோலக் கடினப்படுத்தியதாக இருந்தால் துளைபோடும்போதே மொத்தமும் சர்க்கரையாகக் கொட்டிவிடும். எது எப்படிப்பட்ட கண்ணாடி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் லென்ஸ் கடையில் அதற்கு ஒரு வழி உண்டு. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் தடுக்கிற போலரைஸ்டு கறுப்பு லென்ஸ் ஒன்றை எடுத்து வந்தாள். போனில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதைத் தொட்டியின் பின்னால் மாமியாரைப் பிடிக்கச் சொல்லி, முன்னால் நின்று லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடினப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் வானவில்போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. ஒரே சீரான இருட்டு மட்டும்.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. அதுதான் நல்லது."

"அப்ப உன் மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமியார்.

மீன்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள். ஜோடி தானாக வந்து வலையில் விழுந்தது. மேனேஜர் அரைமணி நேரம் அலைக்கழித்தார். தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, கண்ணாடி வெட்டித் தந்தவரிடமே இரவல் வாங்கி வந்த வைரத்தூள் பூசிய வட்டமுனை பொருத்திய டிரில்லைக் கையில் எடுத்தாள். மாமியார் ஒரு பாட்டிலிலிருந்து விடாமல் தண்ணீர் பீய்ச்ச, அழுத்தாமல், மெதுவாக, டிரில்லின் பாரம் மட்டும் வேலை செய்யும்படி பிடித்துக்கொண்டாள். வெள்ளையாகக் கண்ணாடிச் சேறு வழிந்தது. நாற்பது நிமிடம் கழித்து, வட்டமாக ஒரு சில்லு அவள் உள்ளங்கையில் விழுந்தது. மாமியார் அப்போதுதான் மூச்சு விட்டார். மருமகளின் இதயம் எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது. உடைந்திருந்தால்கூட அப்படித்தான் அடித்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அது ஒன்றுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

மறுநாள் குழாய்களைப் பூட்டி, உப்புத்தண்ணீர் கலந்து நிரப்பி, மோட்டரைப் போட்டாள். தண்ணீர் மேலே ஏறியது, துளைவழியாக வழிந்து கீழே இறங்கியது, தடுப்புகளில் ஏறி விழுந்து மறுபடி மோட்டருக்கு வந்தது. மாமியார் கை தட்டினார். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவோம் என்று அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

மோட்டர் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

மேலே தண்ணீர் கொண்டுபோன அதே குழாய் இப்போது மேலேயிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் வாய் தொட்டியில் ஆழமாக மூழ்கியிருந்தது. கீழ்த்தொட்டி விளிம்புவரை ஏறி, விளிம்பைத் தாண்டி, மரப்பெட்டிக் கதவின் அடியில் வெளியே வந்து, கூடம் முழுக்கப் பரவியது. அவள் குழாயை மேலே இழுத்தெடுத்து நிறுத்துவதற்குள் பாதித் தொட்டி தரையில் இருந்தது.

இருவரும் துணியோடு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். செருப்பு ஒன்று மிதந்து போனது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார் மாமியார். சிரித்து, சிரித்து, பாதியில் அது அழுகையாக மாறியது. "என் வயித்துல பொறந்தவன்மா அவன். நான்தான் வளத்தேன். எங்க தப்பா வளத்தேன்னு தெரியலயே" என்றார்.

அவள் ஈரக்கையை மாமியாரின் முதுகில் வைத்தாள். அந்தக் கையை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தையல்காரர். இந்த முறை கையில் கோட்டு இல்லை. முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, கையில் ஒரு துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"கீழ உங்க துணியெல்லாம்..." என்று எழுந்தாள் அவள்.

"ஒண்ணும் ஆகல. நேத்து டிரில் சத்தம் கேட்டப்பவே பிளாஸ்டிக் விரிச்சு மூடிட்டேன். உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை." உள்ளே வந்து, கேட்காமலே தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தார்.

போனில் மீன்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சொல்ல மறந்துட்டேம்மா! மேல போற குழாயில தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை போடு. தண்ணி அதுக்குக் கீழ எறங்கினதும் காத்து உள்ள போகும். காத்து போனா உறிஞ்சுறது நின்னுரும்." லென்ஸில் துளைபோடுகிற மெல்லிய ஊசியால் அந்த ஓட்டையைப் போட்டாள். அணைத்துப் பார்த்தாள். கீழ்த்தொட்டி விளிம்புக்கு மூன்று விரல் கீழே தண்ணீர் நின்றது. பத்து முறை போட்டு, பத்து முறை அணைத்தாள். பத்து முறையும் நின்றது. மூன்று நாள் ஓடவிட்டு, மீன்களைத் திரும்ப விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டாவது வாரம் கணவன் தன் அம்மாவுக்குப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து தொட்டியை எடுத்துப்போவதாகச் சொன்னான்.

வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவனை நேரில் பார்க்கும்போது தனக்குள் என்னவாவது நடக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்க்கிறவளைப்போல உள்ளே கடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "உக்காருங்க" என்றாள்.

அவன் உட்காரவில்லை. தொட்டியின் முன்னால் போய் நின்றான். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. ஆரஞ்சு ஜோடி முன்னால் வந்தது. மேனேஜர் அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. மரப்பெட்டிக் கதவைத் திறந்து கீழ்த்தொட்டியைப் பார்த்தான். குனிந்து, கையை விட்டு, தடுப்புகளைத் தொட்டான்.

"யாரு செஞ்சது?"

"நாங்கதான்" என்றார் மாமியார்.

"நாங்கன்னா?"

"நானும் என் மருமகளும்."

அவன் நிமிர்ந்து குழாய் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே வந்தான். பின்பக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தொட்டியில ஓட்டை போட்டிருக்க?"

"ஆமா."

"என் தொட்டி அது. என்னை ஒரு வார்த்தை கேக்காம ஓட்டை போட்டுட்டியா?"

"நீ கேட்டுட்டாடா போன?" என்றார் மாமியார்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் தேய்த்து, மறுபடி மாட்டினான். புதுக் கண்ணாடி. அவள் வெட்டாதது. அவள் பார்த்தாள். அவனுடைய கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவில் அறுபத்து நாலு மில்லிமீட்டர் என்பது அவளுக்கு அவன் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும். இந்தக் கண்ணாடியை எவனோ அறுபத்தேழு என்று வைத்து வெட்டியிருந்தான்.

"சென்டர் தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

"என்ன?"

"உங்க கண்ணாடி. தலை வலிக்குமே."

அவன் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தான். "ஆமா. ரெண்டு மாசமா வலிக்குது. பிரஷர்னு நெனச்சுட்டு இருந்தேன்." குரல் தணிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதை அவள் பக்கமாகக் கொஞ்சம் நீட்டினான். பிறகு, தொட்டியையும் பார்த்து, "நல்லாத்தான் செஞ்சிருக்க. அங்க கொண்டு போனா எனக்கு இதைப் பூட்டத் தெரியாது. ஒரு நாள் வந்து பூட்டிக் குடுத்துட்டுப் போறியா? இல்லன்னா அங்கயே புதுசா ஒண்ணு..." என்றான். பாதியில் தானாகவே நிறுத்தினான்.

மாமியார் வாயைத் திறந்தார். மருமகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தொட்டி உங்களோடது. எடுத்துக்கலாம்" என்றாள். கோபம் இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "மொதல்ல மோட்டரை நிறுத்தணும். பத்து வாளி வேணும். கல்லை ஈரத்துணியில சுத்தி எடுத்துப் போகணும், காய விட்டா அதுல இருக்கிறது செத்துரும். கீழ இருக்கிற தொட்டி என்னோடது. அது இங்கதான் இருக்கும்."

"அப்ப கண்ணாடி?"

"செஞ்ச கடையிலயே குடுங்க. அவங்க மாத்தித் தருவாங்க."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். மாமியார் நாற்காலியின் கையைப் பிடித்தபடி, மகனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார். "தொட்டி அவனோடது. சம்பு உன்னோடது. நான் யாரோடதும்மா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை. மகன் போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"அத்தை இங்க இருப்பாங்க" என்றாள் மருமகள்.

அவன் தொட்டியை எடுக்கவில்லை. வாளி இல்லை, வண்டி சின்னது, அடுத்த வாரம் ஆளோடு வருகிறேன் என்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம், புது வீட்டில் அவ்வளவு கனத்தை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பினான். மாமியார் அதை மருமகளிடம் இரண்டு முறை படிக்கக் கொடுத்தார். பிறகு, தையல்காரரிடம் சொல்ல வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பிரிவுக்கான காகிதங்கள் வந்தன. அவள் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு வந்து, அன்று பாக்கியிருந்த ஆறு ஜோடி லென்ஸையும் வெட்டி முடித்தாள்.

அந்த மாதக் கடைசியில் மாமியாருக்குக் கண் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கடைக்கு எதிரில் இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் அழைத்துப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"கூட வந்திருக்கறது யாரு? மகளா?"

அவளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் தபாலில் போட்ட உறை நினைவுக்கு வந்தது.

"மருமகன்னு எழுதும்மா" என்றார் மாமியார்.

"மருமகனா?"

"மருமக. மருமகள். வாய் கொழறிடுச்சு." அந்தப் பெண் எழுதிவிட்டு, "மகன் வரலையா?" என்று கேட்டதும், "மகனுக்கு அதுல இடம் இருக்கா?" என்று எட்டிப் பார்த்தார். படிவத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. "இல்லல்ல? அப்ப விடு."

மருந்து விட்டுப் பரிசோதித்தார்கள். புரைதான், அவசரமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மருந்தின் வேகத்தில் மாமியாருக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மருமகளின் கையை இறுகப் பிடித்தார்.

"படி அத்தை."

"எத்தனை?"

"மூணு."

மூன்றையும் எண்ணி இறங்கினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. மாமியார் முகத்தை அவள் பக்கமாகத் திருப்பிக் கூர்ந்து பார்க்க முயன்றார். வெறும் வெளிச்சம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"பேச்சே காணோம். அழறியா?"

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

"இல்ல அத்தை."

"எனக்குத் தெரியல, அதான் கேட்டேன். அழுதா சொல்லு."

"சொல்றேன்."

பேருந்து வந்தது. முன்பக்கம் கூட்டமாக இருந்ததால், பின்வாசல் வழியாக மாமியாரை ஏற்றி, ஜன்னலோர இடத்தில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.